டிக்கிக்குள் இரண்டு தம்பிகள்

சுரங்க முகாம்
ஜனவரி 9

அன்புள்ள மருமகளுக்கு,

உன் ஒரே தாய்மாமன் எழுதுவது. ‘ஒரே’ என்பதற்கு அடிக்கோடு போட்டிருக்கிறேன், கவனி.

நான் நலம். மலையைக் குடையும் வேலை என் மேற்பார்வையில் ஜோராக நடக்கிறது. பலகையில் ‘ஸ்டோர் கீப்பர்’ என்றுதான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் என்னைக் கேட்காமல் எந்தப் பொறியாளரும் ஒரு போல்ட்டைக்கூடத் தொட மாட்டார். தொடவும் முடியாது, சாவி என் இடுப்பில். போன வாரம் வெடி வைக்கிற நேரத்தில் பெரிய பொறியாளர் என் பக்கம் திரும்பி, “நீங்க ஒரு வார்த்தை சொன்னாத்தான் எனக்குத் தைரியம்” என்றார். “வைங்க” என்றேன். வைத்தார். மலையில் பாதியைக் காணோம்.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே போனில் சிக்னல் ஒரு கோடுகூட விழாது என்று உனக்குத் தெரியும். அதனால் ஞாயிற்றுக்கிழமை சாமான் லாரியில் தொற்றிக்கொண்டு கீழே இறங்கி, டீக்கடையிலிருந்து உங்கள் வீட்டுக்குப் போன் போட்டேன். எடுத்தது என் அக்கா. “டேய், என்னடா சொல்றே, ஒண்ணும் கேக்கலடா” என்றாள். கத்தினேன். டீக்கடையே எழுந்து நின்றது. அவளுக்குக் கேட்கவில்லை. உடனே என்ன செய்தாள் தெரியுமா? “தம்பி, இவன் என்ன சொல்றான்னு கேட்டுச் சொல்லுங்க” என்று போனை உன் சித்தப்பனிடம் கொடுத்துவிட்டாள்!

கூடப்பிறந்த அக்காவோடு நான் பேச நடுவில் ஒரு தரகனா? அதுவும் அந்த அண்டாக்குரலானா? அண்டாவுக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி, “அண்ணி, சாப்பிட்டீங்களான்னு கேக்கறார்” என்கிறான். அது மட்டும் அவளுக்குப் பளிச்சென்று கேட்கிறது. “சாப்பிட்டேன்னு சொல்லுங்க தம்பி.” உன் அப்பாவுக்குத் தம்பியென்றால் அந்த மட்டில் நிற்கட்டும். மச்சான் போய்ச் சேர்ந்தபிறகு மாடியில் குடியிருக்கிறான் என்பதற்காக இவளுக்கும் தம்பி ஆகிவிடுவானா? அவனுக்கு “வாங்க தம்பி, உக்காருங்க தம்பி.” எனக்கு “டேய்.”

போனை வைக்குமுன் அவன் ஒரு செய்தி சொன்னான், கேட்டதிலிருந்து தொண்டையில் சோறு இறங்கவில்லை. உன் காருக்கு சப்வூஃபர், அதுதான் அந்த ‘தும் தும்’ பெட்டி, வாங்கப் போகிறீர்களாம். அவன்தான் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறானாம். ஒலியைப் பற்றிச் சொல்வதற்கு இந்தக் குடும்பத்தில் ஓர் ஆள் இருக்கும்போது, ஒலிபெருக்கிக்கும் ஒட்டடைக்கும் வித்தியாசம் தெரியாதவன் தேர்ந்தெடுக்கிறானாம்.

நான் ஒரு வேன்காரனுக்கு மாட்டிக்கொடுத்த சப்வூஃபரைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேனா? அதில் பாட்டுப் போட்டால் எதிரே வரும் லாரிகள் தானாக ஒதுங்கி நிற்கும். ஒரு தடவை பாலத்தின்மேல் போடப் போய், பாலத்துக்கு ஆபத்து என்று அதிகாரிகள் வந்து சத்தத்தைக் குறைக்கச் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆகவே கேள்: பதினைந்து இஞ்சுக்குக் குறைந்து வாங்காதே. பெட்டியில் ஓட்டை இருக்க வேண்டும். ஓட்டை இல்லாத பெட்டி மூக்கடைத்தவன் பாடுகிற மாதிரி.

என் பதில் வரும்வரை எதையும் தொடக்கூடாது. அவனையும் தொட விடாதே.

மலையைக் கையில் வைத்திருக்கும்,
மாமா


வீடு
ஜனவரி 20

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து சேர்வதற்கு முந்தைய ஞாயிறே மாட்டியாகிவிட்டது. கோபப்படுவீர்கள் என்று தெரியும். கடைசிவரை படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

சப்வூஃபர் எனக்காக இல்லை. தினமும் காலையில் அம்மாவைத் தையல் கூடத்தில் இறக்கிவிட்டுத்தான் பல் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறேன். முன்பெல்லாம் அந்த நேரம் முழுக்கப் பாட்டுதான். அம்மா டாஷ்போர்டில் தாளம் தட்டிக்கொண்டே வருவார்கள். சிக்னலில் பக்கத்துக் காரில் இருப்பவர்கள் திரும்பிப் பார்த்தால் அவர்களுக்கும் சேர்த்துத் தட்டுவார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அது நின்றுவிட்டது. இப்போது மடியில் பையை வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தபடி வருகிறார்கள். நான் பாட்டைப் போட்டால், “எதுக்குடி பேட்டரியை வேஸ்ட் பண்றே?” என்கிறார்கள்.

காது டாக்டர் சொன்னது இதுதான்: மெல்லிய, கூர்மையான ஒலிகள் பெரும்பாலும் போய்விட்டன. கனமான, அடித்தொண்டை ஒலிகள் இன்னும் கேட்கும். அந்த ஒலிகள் சீட்டு வழியாக உடம்பிலும் தெரியும். இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தபோது சித்தப்பாதான், “அப்போ காருக்கு ஒரு சப்வூஃபர் போட்டுடலாமே” என்றார். அவ்வளவுதான் நடந்தது. சதி எதுவும் இல்லை.

கடையில் பதினைந்து இஞ்சு பெட்டியையும் பார்த்தோம். அதை வைத்தால் டிக்கி மூடாது. ஸ்டெப்னி டயரைத் தலையில்தான் சுமக்க வேண்டும். “ஆயிரத்து இருநூறு வாட்ஸ்” என்று ஒன்றில் பெரிதாகப் போட்டிருந்தது. மாட்டுகிறவர் சிரித்துவிட்டு, “மாப்பிள்ளை வீட்டுல சொல்ற சம்பளம் மாதிரிம்மா இது. கால்வாசிதான் நிஜம்” என்றார். கடைசியில் பத்து இஞ்சு, ஓட்டை இல்லாத பெட்டி. ஓட்டை இருந்தால் சத்தம் கூடுமாம். ஆனால் எங்கள் சின்னக் காருக்கு இதில்தான் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகத் தெரியுமாம். ஆம்ப்ளிஃபயர் சீட்டுக்கு அடியில். பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு ஃபியூஸ். எர்த் ஒயருக்காகக் காரின் தரையில் பெயிண்டைச் சுரண்டியபோது மட்டும் கண்ணை மூடிக்கொண்டேன்.

முதல் பாட்டுக்கு அம்மா சாலையைப் பார்த்தபடியே இருந்தார்கள். இரண்டாவது பாட்டில் கையைத் தொடைக்கடியில் வைத்துப் பார்த்தார்கள். பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரி, “ஏய்! பாட்டு காலு வழியா வருதுடி!” என்றார்கள். பின்சீட்டில் இருந்த சித்தப்பா, “நல்லா இருக்கா அண்ணி?” என்றார். அம்மா திரும்பாமலே, “நல்லா இருக்கு தம்பி” என்றார்கள்.

இதைப் படித்தபிறகுமா கோபம்?

ஒன்று மட்டும். போன லீவில் நீங்கள் பின்சீட்டில் உட்கார்ந்து அம்மாவின் சீட்டு முதுகில் தாளம் போட்டுக்கொண்டே வந்தீர்களே, அந்த இடத்தில் ரெக்சின் கிழிந்திருக்கிறது. தைக்க வேண்டும். உங்கள் பங்கு.

மருமகள்


சுரங்க முகாம்
பிப்ரவரி 2

மருமகளே,

கடைசிவரை படித்தேன். பிறகு கோபப்பட்டேன். நீ சொன்ன வரிசைப்படியே செய்திருக்கிறேன்.

அக்காவுக்குக் காது சரியில்லை என்பதை டாக்டர் சொல்லித்தான் நம்ப வேண்டுமா? போன் கோளாறு என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! என் குரல் கேட்காத காது உலகத்தில் உண்டா? சுரங்கத்தின் இந்த வாயிலிருந்து நான் “டீ” என்றால் அந்த வாயில் டீ ஊற்றுகிறான். அந்த வாய் இன்னும் திறக்கவில்லை, அது வேறு விஷயம்.

“நல்லா இருக்கு தம்பி” என்றாளாமே. திரும்பாமலே சொன்னாளாமே. இத்தனை விவரமாக எழுத உனக்கு எப்படி மனம் வந்தது? நான் பின்சீட்டில் தாளம் போட்டால், “டேய், காரை உடைச்சிடாதே” என்று திரும்பித் திரும்பி வைதாள். அவன் ஒரு பெட்டியை வைத்துவிட்டால் திரும்பாமலே பாராட்டு. இருக்கட்டும்.

போன ஞாயிறு நானே ஊருக்கு இறங்கி இந்த வட்டாரத்திலேயே பெரிய கார் சாமான் கடைக்குப் போனேன். என்னைக் கண்டதும் முதலாளி எழுந்துவிட்டார். (உட்கார்ந்திருந்த நாற்காலியை வேறு யாரோ கேட்டார்கள் என்பதும் உண்மை.) இருக்கிற சப்வூஃபர் எல்லாவற்றையும் இறக்கச் சொன்னேன். ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தேன், முகர்ந்து பார்த்தேன், காதை வைத்துக் கேட்டேன். “சார், மின்சாரம் குடுத்தாத்தான் கேக்கும்” என்றார் முதலாளி. “எனக்கு இப்பவே கேக்குது” என்றேன். கடை முழுக்கத் தேடி, ஆயிரத்தில் ஒன்றாக, உன் சித்தப்பன் வாழ்நாளில் கண்ணால்கூடப் பார்த்திராத ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தோடு லாரி டிரைவர் கொண்டுவருவார்.

அவனுடையதைக் கழற்று என்று சொல்ல மாட்டேன். நான் அப்படிப்பட்டவன் இல்லை. ஒரே டிக்கியில் இரண்டும் இருக்கட்டும், என் அக்காவே முடிவு செய்யட்டும்.

ஒரே ஒரு நிபந்தனை. பெட்டியின்மேல் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன், அதன்படி மாட்டு. அவன் பெட்டியில் சிவப்பு ஒயர் எந்த முனைக்குப் போகிறதோ, என் பெட்டியில் அந்த முனைக்குக் கறுப்பு ஒயர் போக வேண்டும். அவனுடைய கறுப்பு போகிற இடத்துக்கு என் சிவப்பு. ஏன் என்கிறாயா? இரண்டையும் ஒரே மாதிரி மாட்டினால் எது அவன் சத்தம், எது என் சத்தம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நேரெதிராக மாட்டினால்தான் என்னுடையது தனியாகப் பிரிந்து தெரியும். இது பெரிய விஞ்ஞானம். நான் எட்டாவதோடு நின்றதற்குக் காரணம், அதற்குமேல் எனக்குச் சொல்லிக்கொடுக்க அவர்களிடம் சரக்கு இல்லை.

மாட்டியதும் அவள் என்ன சொன்னாள் என்று ஒரு வார்த்தை விடாமல் எழுது. திரும்பிச் சொன்னாளா, திரும்பாமல் சொன்னாளா என்பதையும் எழுது.

மாமா


வீடு
பிப்ரவரி 15

மாமாவுக்கு,

பெட்டி வந்தது. சித்தப்பா வாழ்நாளில் கண்ணால் பார்த்திராத அந்தப் பெட்டி, அவர் வாங்கியதேதான். அதே கம்பெனி, அதே பத்து இஞ்சு, அதே கறுப்பு, ஓட்டையும் இல்லை. பக்கத்தில் வைத்தால் எது யாருடையது என்று தெரியாது. சித்தப்பா உங்கள் பெட்டிமீது பிள்ளையார்சுழி மாதிரி ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அடையாளம் வைத்தார். “உங்க மாமாவுக்கும் எனக்கும் ரசனை ஒண்ணுதான் போல” என்று அவருக்கு ஒரே சந்தோஷம். இதைப் படிக்கும்போது உங்கள் முகத்தை நினைத்துப் பார்த்தேன்.

ஆம்ப்ளிஃபயர் இரண்டு பெட்டியைத் தாங்குமாம். அதனால் கடைக்குப் போகவில்லை, வாசலில் வைத்து நானே மாட்டினேன். சித்தப்பா டார்ச் பிடித்தார். உங்கள் தாளை அவர்தான் உரக்கப் படித்தார், அந்தக் குரலில் அது ஏதோ அரசாங்க அறிவிப்பு மாதிரி இருந்தது. “நேரெதிரா போடச் சொல்றாரே, ஏதாவது ஆகிடுமா சித்தப்பா?” என்றேன். “எதுக்கு வம்பு? அவர் சொன்ன மாதிரியே போட்டுடு. நாளைக்கு என்னாலதான்னு சொல்வார்” என்றார். அப்படியே போட்டேன். பாட்டை வைத்ததும் இரண்டு பெட்டியும் குதிகுதியென்று குதித்தன. டிக்கி திறந்திருந்தபோது கையை வைத்துப் பார்த்தேன், அப்படியொரு ஆட்டம். ஜெயித்துவிட்டீர்கள் என்றே நினைத்தேன்.

மறுநாள் காலை அம்மா உட்கார்ந்தார்கள். அவர்களுக்குப் பிடித்த பாட்டைப் போட்டேன். அம்மா கையைத் தொடைக்கடியில் வைத்தார்கள். எடுத்தார்கள். மறுபடி வைத்தார்கள். “போட்டுட்டியா?” என்றார்கள். தலையாட்டினேன். சத்தத்தை ஏற்றினேன், இன்னும் ஏற்றினேன். என் காதிலும் முன்னால் இருக்கிற சின்ன மேல்ஸ்பீக்கரின் கீச்சுச் சத்தம்தான் கேட்டது. எனக்கோ இரண்டு பெட்டி வைத்த பெருமை, அம்மாவுக்கு இன்னும் பழகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நான்கு நாள் இப்படியே போனது. நேற்று தையல் கூடத்தின் வாசலில் இறங்கும்போது அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எப்போதும் போலச் சத்தமாகப் பேசவில்லை. மெதுவாக, “அதுவும் போயிடுச்சு போலடி. கொஞ்ச நாளைக்குத்தான் இருந்துச்சு” என்றார்கள். பிறகு உள்ளே போய்விட்டார்கள்.

காது டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். அம்மா வர மாட்டேன் என்கிறார்கள். “என்னத்தைச் சொல்லப் போறார், தெரிஞ்சதைத்தானே?”

உங்கள் பெட்டி எப்படி இருக்கிறது என்று எழுதச் சொன்னீர்கள். திரும்பியும் சொல்லவில்லை, திரும்பாமலும் சொல்லவில்லை.

மருமகள்


சுரங்க முகாம்
பிப்ரவரி 22

மருமகளே,

லாரி கிளம்பப் போகிறது, நின்றுகொண்டு எழுதுகிறேன்.

டாக்டரிடம் கட்டாயம் கூட்டிக்கொண்டு போ. தூக்கிக்கொண்டாவது போ. நான் சொன்னதாகச் சொல். லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. சுரங்கம் அந்தப் பக்கம் திறக்கிற நேரம், யாரையும் விடமாட்டார்களாம். நான் இல்லாவிட்டால் மலை இடிந்துவிடும் என்று பெரிய பொறியாளர் சொன்னார் என்று எழுத நினைத்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. “ஸ்டோரை யாருங்க பாத்துக்கறது?” என்றுதான் சொன்னார்.

அவளிடம் யார் பேசுகிறார்கள் இப்போது? அவன் பேசினால் கேட்கிறதா? கேட்டால் பேசச் சொல். நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

நினைத்துக்கொள்வேன். இருந்தாலும் பேசச் சொல்.

மாமா


வீடு
மார்ச் 3

மாமாவுக்கு,

முதலில் நல்ல செய்தி. அம்மாவின் காது மேலும் கெடவில்லை. டாக்டர் பரிசோதித்துவிட்டு முன்பிருந்த அதே நிலைதான் என்றார். அப்புறம் என்ன ஆனது என்று தலையைப் பிய்த்துக்கொண்டு திரும்பி வரும் வழியில்தான் விடை கிடைத்தது.

ஆஸ்பத்திரி ரோட்டில் ஒரு வேகத்தடை. பாட்டு சும்மா ஓடிக்கொண்டிருந்தது, மனசு எங்கேயோ இருந்தது, பிரேக் போடவில்லை. கார் ஒரு குதி குதித்து இறங்கியதுதான் தாமதம், சீட்டு ‘தும்’ என்று அதிர்ந்தது. பாட்டு எங்கள் முதுகில் வந்து உட்கார்ந்துகொண்டது. அம்மா டாஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “ஏய், நிறுத்துடி! இல்ல, நிறுத்தாதே! பாட்டை நிறுத்தாதே!” என்று கத்தினார்கள். ஓரமாக நிறுத்தி டிக்கியைத் திறந்தேன். உங்கள் பெட்டியின் ஒயர் கழன்று கிடந்தது.

கடிதத்தைக் கீழே போடாதீர்கள். முழுக்கக் கேளுங்கள். உங்கள் ஒயரை மாட்டிவிட்டுச் சித்தப்பாவின் ஒயரைக் கழற்றினேன். அப்போதும் அதே ‘தும்’. தனித்தனியாக இரண்டும் நன்றாகத்தான் வேலை செய்கின்றன. சேர்த்து மாட்டினால்தான் ஒன்றும் இல்லை. மாட்டுகிறவருக்குப் போன் போட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். “சிவப்பு கறுப்பு மாத்திப் போட்டா, ஒண்ணு காத்தை வெளிய தள்ளற நேரத்துல இன்னொண்ணு அதையே உள்ள இழுக்கும். அப்புறம் சத்தம் எங்கேருந்தும்மா வரும்? யார் இப்படி மாட்டச் சொன்னது?” என்றார். குடும்ப விஷயம் என்று வைத்துவிட்டேன்.

ஒன்றின் ஒயரை மாற்றினால் போதுமாம். சித்தப்பாவிடம் சொன்னேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “என்னோடதை மாத்திடு. அவர் சொன்னது அப்படியே இருக்கட்டும்” என்றார். உங்கள் பதில் வரட்டும் என்று நான் இன்னும் மாற்றவில்லை. இப்போதைக்கு உங்களுடையதை மட்டும் மாட்டி ஓட்டுகிறேன்.

அடுத்ததை எழுதலாமா வேண்டாமா என்று பேனாவை மூடி மூடித் திறக்கிறேன்.

போனில் அம்மா உங்களுக்குப் பதில் சொல்லாமல் சித்தப்பாவிடம் கொடுத்தது, அவர்மேல் பிரியம் கூடுதல் என்பதால் இல்லை. அவர் குரல் கேட்கிறது, அவ்வளவுதான். டாக்டர் காட்டிய படத்தில் அம்மாவுக்குக் கேட்கிற பகுதி கனமான ஒலிகளின் பக்கம் ஓர் ஓரத்தில் இருக்கிறது. சித்தப்பாவின் குரல் அதற்குள் விழுகிறது. உங்கள் குரல் அதற்கு வெளியே. மாமா, உங்கள் குரல் வெண்கலம் என்று நீங்கள் சொல்வீர்கள். நாங்கள் யாரும் மறுத்ததில்லை. ஆனால் அது மெல்லிய குரல். நீங்கள் எவ்வளவு கத்துகிறீர்களோ அவ்வளவு மேலே போய்விடுகிறது.

என் குரலும் அப்படித்தான். பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து நான் பேசுவது அம்மாவுக்குக் கேட்காது. சிக்னல் விழும்போது முகத்தைத் திருப்பிக் காட்டி உதட்டை அசைக்கிறேன். பின்சீட்டிலிருந்து சித்தப்பா முணுமுணுத்தால்கூடப் பதில் வருகிறது. உங்களுக்கு மட்டும்தான் வயிறு எரிகிறது என்று நினைக்காதீர்கள். நான் தினமும் பக்கத்திலிருந்தே எரிகிறேன்.

ஆனால் நீங்கள் சீட்டு முதுகில் தட்டினால் அம்மா ஏன் திரும்பித் திரும்பி வைதார்கள் என்று இப்போதுதான் புரிகிறது. அந்தத் தட்டு அவர்கள் முதுகுக்குக் கேட்டிருக்கிறது. என் பக்கம் அவர்கள் அப்படித் திரும்பியதே இல்லை.

எந்த ஒயரை மாற்றட்டும்?

மருமகள்


சுரங்க முகாம்
மார்ச் 14

மருமகளே,

உன் கடிதத்தை டீசல் பீப்பாய்கள் அடுக்கியிருக்கிற கொட்டகையில் வைத்துப் படித்தேன். அங்கேதான் யாரும் வரமாட்டார்கள்.

முதலில் ஒயர். “என்னோடதை மாத்திடு” என்றானா? ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னானா? பார்த்தாயா, அதிலும் முந்திக்கொண்டான்! விட்டுக்கொடுப்பதில் என்னை மிஞ்ச ஒருவன் பிறந்துவிட்டானா? ஒயரைத் தப்பாகப் போடச் சொன்னது நான். என் தப்பை என் பெட்டிதான் திருத்திக்கொள்ளும், அவன் பெட்டிக்கு அங்கே என்ன வேலை? என்னுடையதை மாற்று. அவனுடையதை மாற்றினாய் என்று கேள்விப்பட்டால் மலையைத் தூக்கிக்கொண்டு வருவேன்.

அடுத்தது குரல். இங்கே ஜெனரேட்டர் ஆப்பரேட்டரிடம் கேட்டேன். “உண்மையச் சொல்லுப்பா, என் குரல் எப்படி?” “அண்ணே, நீங்க கூப்பிட்டா விசில்னு நெனச்சு வேலையை நிறுத்திடறாங்க” என்றான். அந்த வாயில் டீ ஊற்றுகிற கதையை இனிமேல் சொல்ல மாட்டேன். கொஞ்ச நாளைக்கு.

அவளுக்கு அவன் குரல் கேட்கிறது. சரி. கேட்கட்டும். காது அவள் காது, நான் போய்ப் பிடுங்க முடியாது. ஆனால் உன் கடிதத்தின் கடைசியை மறுபடி மறுபடி படித்தேன். திரும்பித் திரும்பி வைதாள் என்று எழுதியிருந்தாயே, அந்த இடம். படித்துக்கொண்டே கை சும்மா இருக்காமல் பக்கத்துப் பீப்பாயைத் தட்டியிருக்கிறது. காலிப் பீப்பாய். கொட்டகைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. எனக்கு வயிற்றுக்குள் கேட்டது.

மறுநாள் நாலு பீப்பாயைச் சுரங்க வாய்க்குள் உருட்டிப் போனேன். இரண்டு காலி, ஒன்று பாதி, ஒன்று கால். சின்னப் பொறியாளர் தன் போனில் பதிவு செய்து பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். நான் வாசித்து முடித்தபோது முகாமே வேலையை நிறுத்திவிட்டு நின்றது. இரண்டு பேர் அழுதார்கள். ஒருவர் கண்ணில் தூசி என்றார், இன்னொருவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆகவே ஒருவர் உறுதியாக அழுதார். பெரிய பொறியாளர், “இதுக்கு மேல வாசிச்சா கூரை பேந்துடும்” என்றார். பாராட்டாகத்தான் சொன்னார்.

டிரைவர் தருவார். அக்காவிடம் யார் வாசித்தது என்று சொல்லாதே. அவளாகக் கண்டுபிடிக்கிறாளா பார்ப்போம். கண்டுபிடிக்காவிட்டால் அதையும் எழுது. நான் தாங்கிக்கொள்வேன். தாங்கிக்கொள்ள மாட்டேன், ஆனாலும் எழுது.

மாமா


வீடு
மார்ச் 28

மாமாவுக்கு,

உங்கள் உத்தரவுப்படி சனிக்கிழமையே உங்கள் பெட்டியின் ஒயரைத்தான் மாற்றினேன். சித்தப்பாவின் ஒயரையும் திரும்ப மாட்டினேன். இரண்டு பெட்டியும் சேர்ந்து ஒலிக்கட்டும் என்று பென் டிரைவைத் தொடாமல் வைத்திருந்தேன். திங்கட்கிழமை சித்தப்பாவின் ஸ்கூட்டர் மெக்கானிக்கிடம் இருந்ததால் அவரும் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

தையல் கூடத்துக்குப் போகிற நேர் ரோடு வந்ததும் பென் டிரைவைச் செருகினேன். ஸ்கிரீனில் நேரம் ஓடுகிறது. சீட்டில் ஒன்றும் இல்லை. மேல்ஸ்பீக்கரில் யாரோ தூரத்தில் டப்பாவைத் தட்டுகிற மாதிரி லொட லொடவென்று. அம்மா என்னைப் பார்த்தார்கள். அந்த முகத்தை மறுபடி பார்க்க எனக்குத் தெம்பில்லை. ‘மறுபடியுமா’ என்று சத்தத்தை ஏற்றினேன்.

சித்தப்பா என் காதருகே வந்து, அம்மாவுக்குக் கேட்காதபடி குரலே இல்லாமல் கிசுகிசுத்தார். “அது வந்தும்மா… உங்க மாமா மனசு கஷ்டப்படுவாரேன்னு நேத்து சாயங்காலமே என் ஒயரை நான் மாத்திட்டேன்.”

“நானும் மாமாவோடதை மாத்திட்டேனே சித்தப்பா!”

“அப்போ?”

“அப்போ ரெண்டும் மாறினா பழையபடிதான்!”

அம்மாவுக்கு எதுவும் கேட்கவில்லை. “ரெண்டு பேரும் எதுக்கு வாயை வாயை அசைக்கிறீங்க?” என்றார்கள். ஓரமாக நிறுத்தினேன். சித்தப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு டிக்கிக்குள் பாதி உடம்பை நுழைத்து, போகிற பஸ்ஸெல்லாம் ஹார்ன் அடிக்க, தன் ஒயரைப் பழையபடி மாற்றினார். சட்டை முழுக்கக் கிரீஸ். திரும்பி வந்து உட்கார்ந்து, “இப்ப போடு” என்றார்.

முதலிலிருந்து போட்டேன்.

மாமா, என்ன சத்தம் அது! முதல் அடியிலேயே என் விலா எலும்பு எழுந்து உட்கார்ந்தது. கண்ணாடி நடுங்கி, பின்னால் வருகிற வண்டியெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. நம்பர் பிளேட்டு கூடவே தாளம் போட்டது. அம்மா பையைக் கீழே வைத்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைத் தரையில் பதித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டார்கள். நான் வண்டியைக் கிளப்பவில்லை.

நீங்கள் ஒவ்வொரு சுற்றிலும் நாலாவது அடியை விழுங்கிவிடுவீர்கள். நானே அதை மறந்திருந்தேன். மூன்றாவது சுற்றில் அந்த இடம் வந்தபோது அம்மாவின் கை தானாக டாஷ்போர்டில் விழுந்தது. நீங்கள் விட்ட அந்த ஒரு அடியை மட்டும் தட்டியது. அடுத்த சுற்றிலும் அதே இடத்தில், அதே ஒரு அடி.

“இவனுக்கு இன்னும் இது வரலை பாரேன்” என்றார்கள். சிரிக்கிறார்களா அழுகிறார்களா என்று எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ நாள் கழித்து டாஷ்போர்டு தூசியில் விரல் அடையாளம்.

அப்போதுதான் சித்தப்பா முன்னால் சாய்ந்து தன் அண்டாக்குரலில், “யார் அண்ணி வாசிக்கறது, பிரமாதமா இருக்கே?” என்று ஆரம்பித்தார். பாவம், நல்ல மனசோடுதான் கேட்டார். அம்மா கண்ணைத் திறக்காமல் கையை மட்டும் உயர்த்தினார்கள்.

“தம்பி, நீங்க கொஞ்சம் பேசாம வாங்க. அவன் வாசிக்கிறான்.”

தையல் கூடத்துக்கு அன்றைக்குத் தாமதமாகப் போனோம். இறங்கும்போது அம்மா சொன்னதை அப்படியே எழுதச் சொன்னார்கள்: “டேய், சீட்டைக் கிழிச்சுட்டுப் போனியே, அதை யாருடா தைக்கறது?”

மருமகள்


சுரங்க முகாம்
ஏப்ரல் 6

மருமகளே,

சுரங்கம் திறந்துவிட்டது. அந்தப் பக்கத்து வெளிச்சம் இந்தப் பக்கம் வந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். நான் உன் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்ததால் சரியாகப் பார்க்கவில்லை.

நாலாவது அடியை நான் வேண்டுமென்றேதான் விட்டேன். அவள் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஒரு தந்திரம். சிறுவயதிலிருந்தே அந்தத் தந்திரத்தைக் கடைப்பிடித்து வருகிறேன்.

லீவு கிடைத்தாகிவிட்டது. வரும்போது ரெக்சினும் ஊசியும் கொண்டுவருகிறேன். உன் குரல் அவளுக்குக் கேட்காத விஷயத்தையும் யோசித்தேன். நீ பேச வேண்டாம், ஸ்டியரிங்கைத் தட்டு. எப்படித் தட்டுவது என்று வந்து காட்டுகிறேன், உலகத்தில் என்னை விட்டால் யாருக்கும் தெரியாது. சித்தப்பனையும் காரில் வரச் சொல். அவன் இல்லாமல் எனக்கு என்ன சுகம் இருக்கிறது?

அது இருக்கட்டும். கடிதத்தில் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டாய். “பேசாம வாங்க” என்று அவள் சொன்னாளே, அந்த நேரத்தில் அவன் முகம் எப்படி இருந்தது? அதை மட்டும் ஒரு பக்கத்துக்குக் குறையாமல் எழுது.

மாமா